பூஞ்சைக்கு ஜாதகம் எழுதினால் போதுமா?

ஏரிக்கரையில் காலை நடை முடிந்து டீக்கடையில் உட்காரும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் போன வாரம் ஒரு வாக்குவாதம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒரு செய்தியைப் படித்துவிட்டு வந்திருந்தார். பயிரைத் தாக்கும் துருப் பூஞ்சையின் மரபணு முழுவதையும் படித்து, இணையத்தில் தரவுத்தளமாக வைக்கிறார்களாம். "மனுஷனுக்கு ஜாதகம் பார்த்தே ஒண்ணும் நடக்கல. இப்ப பூஞ்சைக்கு ஜாதகம் எழுதுறாங்களாம் சார். வத்தலக்குண்டு ரோட்டுல குழி மூட ஆள் இல்ல, இதுக்குப் பணம் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு உறுத்தியது. வேளாண்மைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். அதில் சில வருடங்கள் மேல்மலை ஊர்களில் துருப் பிடித்த கோதுமை இலையைத் தேடிப் பொறுக்கி உறையில் போட்டு அனுப்புவதும் என் வேலைகளில் ஒன்று. நண்பர் சொன்னது தவறு. ஆனால் அவர் கேலி செய்த ஆட்கள் எல்லாம் சரியாகத்தான் செய்கிறார்கள் என்றும் என்னால் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு பக்கத்தாரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோதுமைத் துருவுக்கும் பழனி மலைக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கூடக் கேட்கிறார்கள். இன்று மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சிப் பக்கம் போனால் பூண்டும் காரட்டும் உருளையும்தான் கண்ணில் படுகின்றன. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் படிவயல்களில் நின்ற கோதுமை நினைவிருக்கும். சம்பா கோதுமை ரவை இல்லாமல் என் அம்மாவுக்குக் காலைப் பலகாரம் கிடையாது. அந்தக் கோதுமையில் துரு இருந்தது. அந்தத் துரு இந்திய விவசாயத்தின் ஒரு பெரிய புதிருக்கு விடையாக இருந்தது.

புதிர் இதுதான். மத்திய இந்தியச் சமவெளியில் ஏப்ரல், மே மாத வெயிலில் துருப் பூஞ்சையின் வித்துகள் பிழைக்காது. அறுவடை முடிந்த பிறகு வயலில் அது தங்குவதற்குப் பச்சைப் பயிரும் இல்லை. துரு செத்த இலையில் வாழாது. உயிருள்ள பயிர் வேண்டும். அப்படியானால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி எங்கிருந்து வருகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்னும் முட்செடி அதற்கு இடைத்தங்கல் வீடு. அந்த இனத்துச் செடிகள் நம் மலைகளிலும் உண்டு. ஆனால் இங்கே அது அந்த வேலையைச் செய்வதில்லை.

ஆக்ரா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த கரம் சந்த் மேத்தா இதற்காக வருடக்கணக்கில் மலை மலையாக அலைய ஏற்பாடு செய்தார். கண்ணாடித் தகட்டில் வாசலின் தடவிக் காற்றில் வைத்து, அதில் ஒட்டிய வித்துகளை எண்ணினார்கள். 1940 இல் வந்த அவருடைய நூல் விடையைச் சொன்னது: துரு கோடைக்காலத்தை மலையில் கழிக்கிறது. வடக்கே இமயமலை; தெற்கே நீலகிரியும் நம் பழனி மலையும். இங்கே குளிர்ச்சி உண்டு, வருடம் முழுவதும் எங்காவது ஒரு வயலில் பச்சைக் கோதுமையும் உண்டு. போதாதா?

பின்னால் எஸ். நாகராஜனும் எல். எம். ஜோஷியும் வழியைக் கண்டுபிடித்தார்கள். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் புயல் எழும்பி நம் கரையைத் தாண்டும்போது, தென்மலைகளில் இருந்து வித்துகளைக் காற்று வடக்கே தூக்கிப் போகிறது. மத்திய இந்தியாவில் மழையோடு சேர்ந்து அது அப்போதுதான் முளைத்த கோதுமையின் மேல் இறங்குகிறது. செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்களையும் மழைநீரில் பிடித்த வித்துகளையும் வைத்து அவர்கள் இதைச் சொன்னார்கள். 1946-47 இல் மத்திய இந்தியாவில் கருந்துரு கொள்ளை நோயாகப் பரவிக் கோதுமையை அழித்தது. நாடு ரேஷனில் கிடந்த வருடம் அது.

இப்போது ஜாதகத்துக்கு வருகிறேன். துருவில் எல்லாம் ஒரே துரு இல்லை. எந்தக் கோதுமை ரகத்தைத் தின்ன முடியும், எதைத் தின்ன முடியாது என்பதை வைத்து அதை இனம் பிரித்து எண் கொடுக்கிறார்கள். விஞ்ஞானி பத்துப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு எதிர்ப்புச் சக்தி உள்ள ஒரு ரகத்தைக் கொண்டுவருவார். பூஞ்சை கொஞ்சம் மாறிக்கொண்டு அந்தப் பூட்டுக்குச் சாவி செய்துவிடும். சாவி எங்கே மாறியது என்று தெரிய வேண்டுமானால் அதன் மரபணுவைப் படிக்கத்தான் வேண்டும். வேறு வழியில்லை. வங்கி நண்பருக்கு இதை அவருடைய மொழியிலேயே சொல்கிறேன்: லாக்கரை உடைத்தவன் எந்தச் சாவியால் திறந்தான் என்று பார்க்காமல் புதிய லாக்கர் வாங்கிக்கொண்டே இருப்பீர்களா?

நம் நாட்டு விஞ்ஞானிகள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். கோதுமையின் இலைத் துருவில் 77 ஆம் இனம், 106 ஆம் இனம் என்று இரண்டு. 106 பழைய சாது. 77 எமகாதகன், 1954 இல் இந்தியாவில் கண்ணில் பட்டதிலிருந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. இரண்டின் மரபணுத் தொகையையும் எழுத்து எழுத்தாகப் படித்து 2016 இல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் பத்துக் கோடி எழுத்துக்கு மேல். 77 இல் 27,678 மரபணுக்கள், 106 இல் 26,384 என்று கணக்குச் சொன்னார்கள். 77 இன் வகையறாக்களில் இன்னும் 13 ஐயும் படித்து, பழையவை எவை, புதிதாகக் கிளம்பிய கெட்டிக்காரர்கள் எவை என்று பிரித்தார்கள். எல்லாவற்றையும் பொதுத் தரவுத்தளங்களில் போட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வெட்டிச் செலவு என்று இதைச் சொல்பவர் தினமும் சப்பாத்தி சாப்பிடும் சர்க்கரை நோயாளியாக இருக்கக் கூடாது. எங்கள் நண்பர் அப்படித்தான்.

அவரோடு சண்டை முடிந்தது. அடுத்த சண்டைதான் பெரியது.

பழைய 106 ஐ 2016 இல் எப்படிப் படிக்க முடிந்தது? அது இருந்ததால். எப்படி இருந்தது? யாரோ காப்பாற்றி வைத்ததால். மேத்தா தொடங்கிவைத்த சிம்லா ஃபிளவர்டேல் நிலையத்தில் நாட்டின் துரு இனங்களை உயிரோடு வைத்திருக்கிறார்கள். துருவை ஊறுகாய் ஜாடியில் வைக்க முடியாது. ஆய்வகத் தட்டில் கூழ் ஊற்றி வளர்க்கவும் வராது. கோதுமை விதைத்து, நாற்றில் பூஞ்சையை ஏற்றி, அது வித்து விட்டதும் அடுத்த நாற்றுக்கு மாற்றி, ஒன்றோடு ஒன்று கலக்காமல், வருடம் பூராவும், பத்தாண்டு பத்தாண்டாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வித்தைச் சேமித்தாலும் அவ்வப்போது எழுப்பிப் பார்த்தாக வேண்டும். இதைச் செய்தவர்களின் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. திறப்பு விழாவும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் எதையும் புதிதாகத் திறக்கவில்லை.

உலகத்தையே பயமுறுத்திய யூஜி 99 என்ற கருந்துருக் கதையும் இதுதான். 1998 இல் உகாண்டாவில் கிளம்பியது. எங்கிருந்து அவ்வளவு பலம் என்று பல வருடம் தெரியவில்லை. 2019 இல் மரபணுவை ஒப்பிட்டபோது தெரிந்தது: துருவின் உயிரணுவில் இரண்டு உட்கரு உண்டு, யூஜி 99 தன் உட்கருக்களில் ஒன்றை அப்படியே வேறொரு பழைய இனத்தின் குடும்பத்திடமிருந்து வாங்கியிருக்கிறது. அந்தப் பழைய இனம் 1954 இல் ஆஸ்திரேலியாவில் முதலில் தென்பட்டது. அங்கே அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். எறிந்திருந்தால் எத்தனை கோடி ரூபாய் யந்திரம் வாங்கினாலும் ஒப்பிட எதிரே ஆள் இருந்திருக்காது.

தரவுத்தளம் கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் என்று பணம் வருகிறது. கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள், பிள்ளைகளை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள், அழகான முகப்புப் பக்கம் ஒன்று வருகிறது, குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். திட்டம் முடிகிறது. பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். யாரோ கட்ட வேண்டிய ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. ஒரு நாள் பக்கம் திறக்கவில்லை. அவ்வளவுதான். நான் கற்பனையாகப் பேசவில்லை. 1997 இல் இருந்த 326 உயிரியல் தரவுத்தளங்களைப் பதினெட்டு வருடம் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 62 சதவீதத்துக்கு மேல் செத்துப்போயிருந்தன. இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தும் யாரும் தொடாமல் கிடந்தன.

நம் நாடு ஏழை, அதனால் இப்படி என்று நினைக்க வேண்டாம். தாவர விஞ்ஞானிகள் எல்லாரும் சார்ந்திருந்த அராபிடாப்சிஸ் தரவுத்தளத்துக்கு அமெரிக்க அரசு நிதி நின்று, 2013 இல் அது சந்தா வசூலிக்கப் போனது. பூஞ்சைகளுக்கென்றே இருக்கும் ஃபங்கிடிபி தரவுத்தளத்தின் குடும்பத்துக்கும் 2024 இல் அதே கதி. அரசு ஒப்பந்தம் முடிந்து, பயன்படுத்துவோரிடம் கையேந்த வேண்டி வந்தது. பணக்கார நாட்டுக்கும் கட்டுவதில்தான் ஆசை. பெருக்கித் துடைப்பதில் இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இதையெல்லாம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் பொறுக்கிய இலைகளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு ஒரு முறை உண்டு. பாலிதீன் பையில் போடக் கூடாது, வியர்த்து அழுகிவிடும். ஒரு ராத்திரி காகிதத்துக்கு நடுவே உலர்த்தி, காகித உறையில் போட்டு, மேலே ஊர், வயல், ரகம், தேதி எழுத வேண்டும். அப்புறம் தபால். அனுப்பியதை எல்லாம் ஒரு பதிவேட்டிலும் எழுதி வைப்போம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய பதிவேடுகளும் அதே அலமாரியில் இருந்தன. எந்த வருடம் எந்த ஊரில் முதல் துரு, மழை எப்போது, எந்த ரகம் தப்பியது, எல்லாம் நீல மையில். மன்னவனூரில் ஒரு பெரியவர், "தம்பி, இந்த வருஷம் குங்குமம் சீக்கிரம் வந்திருச்சு, பாத்துக்க" என்பார். அவர் துருவைக் குங்குமம் என்றுதான் சொல்வார். அதையும் எழுதியிருந்தேன்.

பிறகு வேறொரு ஊர் அலுவலகத்துக்கு மாற்றலாகி, சில வருடம் கழித்துக் கொஞ்சம் பெரிய நாற்காலியில் திரும்பி வந்தேன். கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. "காலாவதியான கோப்புகளைக் கழித்துவிடலாமா" என்று ஒரு பட்டியல் மேசைக்கு வந்தது. மாலை ஐந்து மணி இருக்கும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் அலமாரி காலியாக இருந்தது. அந்தப் பதிவேடுகள் எடைக்குப் போய்விட்டன. யாரும் என்னைக் கேட்கவில்லை, இன்றுவரை.

அந்த மாதிரித் தாள் இல்லாத தரவுத்தளம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரபணு வரிசை இருக்கும். பத்துக் கோடி எழுத்தும் பிழையில்லாமல் இருக்கும். எங்கே எடுத்தது என்ற இடத்தில் "தென்னிந்தியா" என்று இருக்கும். தென்னிந்தியாவில் எங்கே ஐயா? வெலிங்டனிலா, கவுஞ்சியிலா, தார்வாடிலா? எந்த மாதம்? எந்த ரகத்தின் மேல்? புயலுக்கு முன்னா பின்னா? காற்றின் வழியே நோய் எப்படிப் போகிறது என்று கேட்கிற துறையில் ஊர் பெயர் இல்லாத வரிசைக்கு என்ன விலை? பிறந்த நேரமும் ஊரும் இல்லாமல் ஜாதகம் கணிக்க எந்த ஜோசியரும் ஒத்துக்கொள்ள மாட்டார். நண்பரின் கேலியில் உண்மை இருக்கிறது என்றால் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

"நம் மலைப் பூஞ்சையை வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டரில் ஏன் போட வேண்டும், பூட்டி வைப்போம்" என்று டீக்கடையில் இன்னொருவர் சொன்னார். தேசபக்திதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் வித்துக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் கோதுமையில் குலைநோய் வந்தது. ஆசியாவுக்கே புதிது. சுமார் பதினையாயிரம் ஹெக்டேரில் பரவியது. தோஃபஸல் இஸ்லாம் என்ற அந்த நாட்டு விஞ்ஞானி வயலில் நோய் பிடித்த இலைகளைச் சேகரித்தார். இங்கிலாந்தில் சோஃபியன் கமூனின் குழுவோடு சேர்ந்து மரபணுவைப் படித்து, கட்டுரை எழுதும் வரை காத்திருக்காமல் சில வாரங்களிலேயே இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். பல நாட்டு ஆட்கள் உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். அது தென் அமெரிக்கக் கோதுமையில் இருக்கும் இனத்தோடு ஒத்துப்போனது. உள்ளூர் நெல் குலைநோயிலிருந்து தாவியது அல்ல என்று தெளிவானது. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் கோதுமையே விதைக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். எதிரி யார் என்று சீக்கிரம் தெரிந்ததற்குக் காரணம், பூட்டாமல் வைத்தது. திறந்து வையுங்கள், ஆனால் ஒரு பிரதி நம் வீட்டிலும் இருக்கட்டும் என்பதே என் கட்சி. அதற்காகத்தான் ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். இருபது வருடம் கழித்தும் விளக்கு எரிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விளக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த கணக்கைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சைப் பெரிய கோவிலில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. விளக்கைச் செய்து கொடுத்துவிட்டுப் போவது தானமாகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டை இடையரிடம் ஒப்படைப்பார்கள்; அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. அதனால்தான் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கொடுத்தவர் யார், வாங்கிக்கொண்டவர் யார், அளவு என்ன, எல்லாம் கல்லில். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு விளக்குக்கு இவ்வளவு யோசித்த ஊரில், கோடி ரூபாய்த் தரவுத்தளத்துக்கு நாலாவது வருட மின்கட்டணம் யார் கட்டுவது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

பூஞ்சைக்குத் தரவுத்தளம் கட்டப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் யந்திரத்தின் விலையை முதலில் கேட்க மாட்டேன். ஆடு எங்கே என்று கேட்பேன். திட்டப் பணத்தில் ஒரு பங்கை வைப்புநிதியாகப் போட்டு அதன் வட்டியில் பராமரிப்பு நடக்கட்டும். நிரந்தர வேலையில் ஒரே ஒருவர், கெட்டிக்காரராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவசரப்படாதவராக இருந்தால் போதும். அப்புறம் மலையில் நாலு சென்ட் நிலத்தில், எல்லாத் துருவும் தொற்றக்கூடிய கோதுமையை விதைத்து வாரம் ஒருமுறை பார்த்து எழுதும் ஒரு ஆள். அதற்கு நாற்று, கூலி, காகித உறை, தபால்தலை. இதற்கு மறுக்கிறவர்கள்தான் குளிர்சாதன அறைக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். மேல்மலையில் கோதுமை குறைந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்கலாம். குறைந்ததுதான். வெள்ளாமை மாறும், மறுபடியும் மாறும். காற்று மாறவில்லை. இந்த மாதிரி எழுதிவைக்கும் பழக்கம் பூண்டுக்கும் உருளைக்கும் கீழ்மலைக் காபிக்கும் வேண்டியதுதான். காபிச் செடிக்கும் துரு உண்டு என்பது தாண்டிக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வங்கி நண்பரிடம் இதையெல்லாம் நேற்றுச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களே ஒரு ரெஜிஸ்டரைத் தொலைச்சவர்தானே சார்?" என்றார். ஆமாம் என்றேன். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

அலுவலகப் பதிவேடு போனாலும் என் சொந்தக் கைநாட்குறிப்புகள் பரணில் இருந்தன. ஐந்தில் இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. மூன்று பிழைத்திருக்கின்றன. 1984 ஜனவரியில் கவுஞ்சிக்குப் போன நாள், ரகத்தின் பெயர், இலையின் எந்தப் பக்கம் துரு என்பது வரை தெரிகிறது. பேத்தி தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இதைப் படிக்கும் பழைய சகாக்களின் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கும். தோட்டக்கணக்கு, மழைமானிக் குறிப்பு, எதுவானாலும் சரி. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.